குளத்தைச் சுற்றிலும் நடைபாதையா, ஒரு கரை போதுமா?

ஊர்க் குளத்தை மேம்படுத்த நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ பணம் வந்துவிட்டால், திட்ட அறிக்கையின் அட்டையிலேயே ஒரு படம் இருக்கும். நீலமாகத் தண்ணீர், அதைச் சுற்றி முழு வட்டமாக டைல்ஸ் நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள், ஒரு முனையில் செல்ஃபி எடுக்க இடம், மறுமுனையில் உணவகம். வானத்தில் நாலைந்து பறவைகளும் இருக்கும். கம்ப்யூட்டரில் ஒட்டியவை, என்ன இனம் என்று சொல்ல முடியாது. இதை விட்டால் வேறு வழியே இல்லை என்பதுபோல மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வரும், நிறைவேறும், டெண்டர் போய்விடும்.

வழி மூன்று இருக்கிறது. முழுச் சுற்றையும் மக்களுக்குத் திறந்துவிடுவது ஒன்று. வேலி போட்டு, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆட்களை மட்டும் உள்ளே விடுவது இன்னொன்று. ஒரு பக்கக் கரையை நன்றாகத் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கத்தைத் தண்ணீருக்கும் பறவைக்கும் விட்டுவிடுவது மூன்றாவது. உதாரணம் பார்க்கத் தூரம் போக வேண்டாம். கோவை, சென்னை, வேடந்தாங்கல், சேலம், பெங்களூர் என்று பக்கத்திலேயே கிடைக்கிறது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் மற்ற இரண்டையும் சும்மா தள்ளிவிட முடியாது, இரண்டிலும் நியாயம் உண்டு.

முழுச் சுற்று: கோவைக் குளங்கள்

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2016 ஜனவரியில் முதல் பட்டியலாக 20 நகரங்கள் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் அதில் இருந்தன. கோவை மாநகராட்சி அந்தப் பணத்தில் கணிசமான பங்கைக் குளங்களில் போட்டது. குளத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவுதான். நொய்யல் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, செல்வாம்பதி நிறைந்தால் முத்தண்ணன் குளம், அது நிறைந்தால் செல்வசிந்தாமணி, அதிலிருந்து உக்கடம் பெரியகுளம், அங்கிருந்து வாலாங்குளம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கிவிடும் பழைய ஏற்பாடு இது. வயல்கள் வீட்டுமனையானபோது குளத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. சாக்கடை வந்தது, கட்டட இடிபாடு வந்தது, ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது.

உக்கடம் பெரியகுளம் ஏறக்குறைய 320 ஏக்கர். இன்று மாலை நேரத்தில் அங்கே போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். பேரனைக் கூட்டிவரும் தாத்தா பாட்டி, வேலை முடித்து நடக்க வரும் பெண்கள், ரீல்ஸ் எடுக்கும் காலேஜ் பிள்ளைகள். சுற்றுவட்டாரத்தில் நெருக்கமான தெருக்கள். வீட்டுக்கு வெளியே உட்கார இடம் குறைவு. இவர்களுக்கு அந்தக் கரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்கில் எடுக்காமல் ‘கான்கிரீட் மோகம்’ என்று கழித்துவிடுவது எளிது. பறவை ஆர்வலர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பைனாகுலரோடு வந்துவிட்டுப் போகிறவர்களுக்கு மாலைக் கூட்டம் கண்ணில் படுவதில்லை.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே? டைல்ஸ் முடிந்து தண்ணீர் தொடங்கும் அந்த இரண்டு மூன்று மீட்டரில்தான்.

மழைக்குப் பிறகு குளம் நிறைந்திருக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் மெல்ல உள்வாங்கும்போது, சரிவான ஓரமாக இருந்தால் தினமும் கொஞ்சம் சேறு வெளியே தெரியும். அந்த ஈரச் சேற்றில்தான் புழு, நத்தை, பூச்சிக் குஞ்சுகள். உள்ளான் என்ற சிறிய கரைப்பறவைக்குக் கணுக்கால் ஆழம் போதும், கொக்குக்கு இன்னும் கொஞ்சம், நாரைக்கு அதைவிடக் கொஞ்சம். கால் நீளத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றும் ஒரு வரிசையில் நிற்கும். ஓரத்துக்குச் சற்று உள்ளே சம்பும் கோரையும் வளர்ந்தால் தாழைக்கோழியும் நாமக்கோழியும் அதற்குள் கூடு கட்டும். தட்டானின் இளம்புழு தண்ணீருக்குள் வளர்ந்து, ஏதாவது ஒரு தண்டைப் பிடித்து மேலே ஏறித்தான் தோலுரித்துப் பறக்கிறது. தண்டு இல்லாவிட்டால் அதற்கு ஏற இடமில்லை. அது சாப்பிட வேண்டிய கொசுப்புழு மிச்சமாகும், அப்புறம் நகராட்சி புகையடிக்கும்.

இந்த ஓரத்தை நேர்ச்சுவராகக் கட்டினால் எல்லாக் காலத்திலும் ஒரே ஆழம்தான். சேறும் தெரியாது, கோரையும் முளைக்காது. ஆனால் நீர்க்காகமும் கூழைக்கடாவும் அப்போதும் வரும். அவற்றுக்கு மீன் இருந்தால் போதும், ஓரம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. இரண்டும் பெரிய பறவைகள், புகைப்படத்தில் நன்றாக விழும். மறுநாள் செய்தியில் ‘புதுப்பித்த குளத்துக்குப் பறவைகள் திரும்பின’ என்று வரும். சொன்னது பொய்யில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த உள்ளான் இறங்க இடம் பார்த்துவிட்டுப் போனதை யாரும் படமெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெங்களூரில் ஏரிகளைத் தூர்வாரும் விதத்தைக் குறைசொல்கிறவர்கள் ‘சூப் கிண்ணம்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரத்திலிருந்தே செங்குத்தாகத் தோண்டி, சுற்றிக் கரையை உயர்த்தி, நடுவில் ஆழத் தண்ணீரை நிறுத்திவிடுவது. முழுச்சுற்று நடைபாதையும் இந்தக் கிண்ணமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பாதை போடக் கரை அகலமாக வேண்டும். வெளியே வீடும் ரோடும் இருக்கும், ஆகவே மண்ணை உள்பக்கம் தள்ளுவார்கள். குளத்தின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறையும்.

இன்னொன்றையும் இந்த வழியில் சேர்த்துப் பேச வேண்டும். முத்தண்ணன் குளக்கரையிலும் வாலாங்குளக்கரையிலும் குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டப்படி அது நடக்க வேண்டியதுதான். இருந்தாலும் ‘மக்களுக்காகத் திறக்கிறோம்’ என்று கல்வெட்டு வைக்கும்போது, அந்தக் கரையோடு நெருங்கி வாழ்ந்தவர்கள் இப்போது பஸ் ஏறித்தான் அங்கே வர வேண்டும் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

பூட்டிய கேட்: அடையாறு

இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம் சென்னை அடையாறு பூங்கா. குப்பையும் இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கர் கழிமுகப் பகுதியை மீட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறந்தார்கள். திறந்தார்கள் என்றாலும், பல ஆண்டுகள் அது யார் வேண்டுமானாலும் மாலையில் நுழைந்து நடக்கும் பூங்காவாக இருக்கவில்லை. வாரத்தில் சில நாட்கள், முன்அனுமதி, பெரும்பாலும் பள்ளி மாணவர் குழு, கூடவே விளக்கிச் சொல்ல ஓர் ஆள்.

இதை மேட்டுக்குடித்தனம் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கழிமுகத்தில் கடல் நீரும் ஆற்று நீரும் ஏறி இறங்கும். நண்டு வளைக்கும் அலையாத்திச் செடிக்கும் மிதிபடாத சேறு வேண்டும். அந்த மாதிரி இடத்தைத் தினமும் சில ஆயிரம் பேருக்குத் திறந்துவிட்டால் மிஞ்சுவது புல்வெளிதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒரு மணி நேரம் நின்று நண்டு வளை பார்த்து, கேள்வி கேட்டு, நோட்டில் வரைந்துகொண்டு போவதும் பொதுமக்களுக்கான திறப்புதான். தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது தோற்றுப்போகும்.

ஆனால் சாதாரண நகராட்சிக்கு இந்த வழி எட்டாது. அடையாறு பூங்காவை நடத்தச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று தனி அமைப்பே இருக்கிறது. ஓர் இரண்டாம் நிலை நகராட்சியில் சுகாதார ஆய்வாளரும் துப்புரவுப் பணியாளர்களும் இருப்பார்கள்; தவளையின் பெயர் சொல்ல ஆள் போட எந்தத் தலைப்பிலும் பணமில்லை. கேட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சில மாதத்தில் வேலியில் ஓட்டை விழும், பாட்டில்கள் சேரும். அக்கம்பக்கத்தார் உள்ளேயே போகாத இடத்துக்கு ஆபத்து வந்தால் குரல் கொடுக்கவும் ஆள் இருக்காது. குப்பை லாரி வந்து நிற்பதை முதலில் பார்ப்பது தினம் நடக்க வருகிறவர்தான்.

ஒரு கரை

நம் ஊர் ஏரியும் குளமும் எப்படிக் கட்டப்பட்டவை என்று பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கமிருந்து வரும் தண்ணீரைத் தாழ்ந்த பக்கத்தில் ஒரு கரை போட்டு மறித்தார்கள். ஆகவே வீட்டுக்கு வாசலும் கொல்லையும் இருப்பதுபோல, ஏரிக்கும் இரண்டு பக்கம் உண்டு. கரை இருக்கும் பக்கம் ஆழம். அங்கேதான் தண்ணீர் திறந்துவிடும் மதகு, உபரிநீர் வழியும் கலிங்கு, அலை அரிக்காமல் பதித்த கல், கரைமேல் வண்டிப்பாதை. எதிர்ப்பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே வரும் உள்வாய்ப் பக்கம், கரையே இல்லாமல் மெல்ல மேடேறிப் புல்வெளியாக முடியும். மாடு மேய்ந்ததும், தண்ணீர் வற்றும்போது வெள்ளரி போட்டதும், உள்ளான் இறங்கியதும் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

மனிதன் நடப்பதற்குக் கரை முதலிலிருந்தே இருக்கிறது. அது உயரமானது, இறுகியது, கீழே ஆழத் தண்ணீர். அதன்மேல் பாதை போட்டு, பெஞ்சு போட்டு, விளக்குப் போட்டால் குளத்துக்கு இழப்பு குறைவு. பாதையை வட்டமாக்க வேண்டும் என்ற ஆசையில் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கரையைக் கொண்டுபோகும்போதுதான் சேறு காணாமல் போகிறது. நான் மூன்றாவது வழியைச் சமரசம் என்று சொல்லாததற்குக் காரணம் இதுதான். பழைய அமைப்பை அப்படியே விட்டுவைப்பதுதான் அது.

வேடந்தாங்கலுக்குப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சுமார் 74 ஏக்கர் ஏரி. பார்வையாளர்கள் கரைமேல் நடக்கிறார்கள், காட்சிக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறார்கள். பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. சீசனில் கூட்டம் எவ்வளவு வந்தாலும் எல்லோரும் நிற்பது கரையில்தான். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள், 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆணை வாங்கிவைத்தார்கள். இன்று அது வனத்துறையின் சரணாலயம், நகராட்சியின் கையில் இல்லை. ஆனாலும் காப்பியடிக்க வேண்டியது அந்தக் கரைக் கணக்கை.

நகராட்சிக்கு நெருங்கிய உதாரணம் வேண்டுமென்றால் சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஏரியைச் சேலம் மக்கள் குழு 2010 வாக்கில் சீரமைத்தபோது, தோண்டிய வண்டலை லாரியில் வெளியே அனுப்பவில்லை. ஏரிக்குள்ளேயே திட்டு திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். ஆள் நடக்கக் கரை, பறவை தங்கத் திட்டு, நடுவே தண்ணீர். வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம், தண்ணீரே இரண்டையும் பிரித்துவிடுகிறது. தூர்வாரும் செலவில் பெரும்பகுதி மண்ணை ஏற்றி இறக்கும் செலவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த யோசனையைப் பொறியாளர்கள் ஏன் இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்குப் புரிவதில்லை. திட்டுகள் தண்ணீரின் இடத்தை அடைக்கும் என்பார்கள். அடைக்கும்தான், கரையை உள்ளே தள்ளினாலும் அடைக்கும்.

கோவை மாநகராட்சிக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. 280 ஏக்கருக்கு மேல் இருக்கும் சிங்காநல்லூர் குளத்தை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது அதே மாநகராட்சிதான். ஒரே நகரத்தில் உக்கடத்துக்கு ஒரு கொள்கை, சிங்காநல்லூருக்கு ஒரு கொள்கை. முரண்பாடு என்று இதைக் கேலி செய்யலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது, எல்லாக் குளத்துக்கும் ஒரே வரைபடத்தை ஒட்டவேண்டியதில்லை.

என் வாதத்துக்கு எதிரான ஓர் உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் சர்ஜாபூர் சாலைப் பக்கம் கைகொண்டரஹள்ளி ஏரி, 48 ஏக்கர். அங்கே முழுச் சுற்றும் பாதை இருக்கிறது, பறவையும் இருக்கிறது. எப்படி? பாதை மண்பாதை. ஓரம் சரிவாக விடப்பட்டிருக்கிறது, கோரை நிற்கிறது, நடுவில் திட்டு இருக்கிறது. அதைவிட முக்கியம், மாநகராட்சியோடு சேர்ந்து திட்டம் தீட்டியது முதல் தினசரிப் பராமரிப்பு வரை அக்கம்பக்கத்தார் ஓர் அறக்கட்டளையாக நின்றார்கள். பொதுச்சொத்தை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்கு 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் 2012-இல் அந்த ஏரிக்கு வந்து மரக்கன்று நட்டுவிட்டுப் போனார். ஆக முழுச் சுற்றே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட குழு உங்கள் ஊரில் இப்போதே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெண்டர் எடுத்தவர் மண்பாதையை மண்பாதையாக விட்டுவைக்க யாராவது தினமும் நின்று பார்க்க வேண்டும்.

நடக்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால்

‘பாதிக் கரைதானா?’ என்று வாக்கிங் போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். 100 ஏக்கர் குளம் சரியான வட்டமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய இரண்டேகால் கிலோமீட்டர். பாதிக் கரை 1,100 மீட்டருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்பினால் அதே இரண்டேகால்! டாக்டர் சொன்ன தூரத்தில் ஒரு மீட்டர்கூடக் குறையாது. ஆனால் விளக்குக் கம்பம் பாதி, பெருக்க வேண்டிய நீளம் பாதி, ரோந்து போக வேண்டிய தூரம் பாதி.

பெண்களின் பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது என்று நினைக்கிறேன். முழுச்சுற்றுப் பாதையில் எப்போதும் ஒரு பின்பக்கம் இருக்கும்; ரோட்டிலிருந்து தள்ளி, வெளிச்சம் மங்கி, ஆள் நடமாட்டம் குறைந்து. ஏழு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறவர்கள் பலர். அப்படியானால் அந்தப் பாதி யாருக்காகக் கட்டப்பட்டது? ரோட்டை ஒட்டிய கரையில் மட்டும் பாதை இருந்தால் கூட்டம் ஒரே இடத்தில் சேரும், கண்காணிப்பும் எளிது. விளக்கும் அங்கே மட்டும் போதும், அதுவும் பாதையை நோக்கித் தாழ்வாக, மஞ்சள் வெளிச்சமாக. எதிர்க்கரை இருட்டாக இருந்தால் இரவில் இரைதேடும் வக்காவும் வௌவாலும் தங்கள் வேலையைப் பார்க்கும்.

மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? கழிப்பறையில். நம் ஊர்க் குளக்கரைகளில் டைல்ஸுக்கு இருக்கும் பணம் கழிப்பறைக்கு இருப்பதில்லை, இருந்தாலும் பூட்டியிருக்கும். அப்புறம் சாய்தளம். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாகப் போனால் சக்கர நாற்காலியை ஒருவர் தானே தள்ளிக்கொண்டு ஏறுவது கஷ்டம். கரை ரோட்டைவிட நாலடி உயரம் என்றால் 48 அடிச் சாய்தளம் வேண்டும், நடுவில் இளைப்பாறச் சமதளமும் வேண்டும். ‘மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, எட்டடிச் சரிவில் கம்பிக் கைப்பிடியோடு முடித்துவிடுவார்கள். மூன்று கிலோமீட்டர் பாதையைவிட, ஒழுங்காக ஏறக்கூடிய ஒரே ஒரு நுழைவாயில் அதிகம் பேரை உள்ளே கொண்டுவரும்.

மீன் குத்தகைக்காரர்கள், தூண்டில் போடுகிறவர்கள், பரிசல் வைத்திருப்பவர்கள் எல்லாத் திட்டத்திலும் மறக்கப்படுகிறவர்கள். கம்பிவேலி வந்ததும் முதலில் வெளியே நிற்பது அவர்கள்தான். ஒரு கரைத் திட்டத்தில் அவர்களுக்கென்று ஓர் இறங்குதுறை விடுவது சுலபம். விநாயகர் சதுர்த்திக்குச் சிலை கரைக்கும் குளமாக இருந்தால் அதற்கும் தனி இடம் இப்போதே குறிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒருநாள் கூட்டம் கோரைக்குள்தான் இறங்கும்.

பராமரிப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கட்டப் பணம் மத்திய, மாநிலத் திட்டத்திலிருந்து வரும். கட்டியபின் பல்பு மாற்றும் பணம் நகராட்சியின் சொந்த வருமானத்திலிருந்து வர வேண்டும். அது போதாதபோது தனியாருக்கு விடுவார்கள், அவர் டிக்கெட் போடுவார், கடைகள் வைப்பார். குறைவாகக் கட்டினால் டிக்கெட் போட வேண்டிய நெருக்கடியும் குறையும்.

முதலில் தண்ணீர்

மூன்றில் எதை எடுத்தாலும் சாக்கடை வந்துகொண்டிருந்தால் பயனில்லை. நாற்றமடிக்கும் குளத்தின் முன் கண்ணாடித் தடுப்போடு நடைபாதை போட்டுத் திறப்பு விழா நடத்துவது நம்மிடம் சாதாரணம். சிங்காநல்லூர் குளத்துக்குச் சங்கனூர்ப் பள்ளம் என்ற ஓடை வழியாக நகரத்தின் கழிவுநீர்தான் வருகிறது. பல்லுயிர் மண்டலம் என்று அறிவித்ததால் மட்டும் தண்ணீர் மாறிவிடாது.

இந்த விஷயத்தில் பெங்களூர் ஜக்கூர் ஏரியைப் பார்க்கலாம், சுமார் 160 ஏக்கர். தினமும் ஒரு கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் அதன் மேல்பக்கம் கட்டப்பட்டது. அதிலிருந்து வரும் தண்ணீர் நேராக ஏரிக்குப் போவதில்லை. சம்பும் மற்ற நீர்ச்செடிகளும் வளர்ந்த ஓர் ஆழமில்லாத ஈரநிலத்தில் முதலில் தேங்கி, மிச்சமுள்ள சத்துகளைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் ஏரிக்குள் இறங்கும். அந்த ஈரநிலம் எங்கே இருக்க வேண்டியிருக்கிறது? தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில். அதாவது, திறக்காமல் விடுங்கள் என்று மேலே சொன்ன அதே உள்வாய்ப் பக்கத்தில். முழுச்சுற்றுப் பாதைக்காக அங்கே கரை எழுப்பிவிட்டால் பிற்பாடு இதற்கு இடமே இருக்காது. பறவைக்காக அந்தப் பக்கத்தை விடச் சொன்னால் கேட்காத கவுன்சிலர்கூட, நாற்றம் போகும் என்றால் கேட்பார். அந்த வாதத்தையே முன்னால் வைப்பது புத்திசாலித்தனம்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட வேண்டாம். 2017-இன் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களில் சராசரி வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு இது பொருந்தும். ஆனால் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அதே விதிகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே நீக்கிவைத்திருக்கின்றன. நம் ஊர்க் குளங்கள் பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டியவை. பாசனம் நின்று பல வருடம் ஆனாலும் காகிதத்தில் அவை அப்படித்தான்.

எந்தக் குளத்துக்கு எது

வாலாங்குளம் போல ஒரு பக்கம் பைபாஸ் ரோடு, குறுக்கே ரயில் பாதை, சுற்றிலும் கட்டடம் என்று ஏற்கெனவே நெருக்கப்பட்ட குளத்துக்கு முழுச் சுற்றைப் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே விட்டுவைக்க உள்வாய் மிச்சமில்லை. மக்களுக்காவது முழுசாகப் பயன்படட்டும். நடுவில் இரண்டு திட்டு மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கழிமுகம், சதுப்பு, அல்லது ஒரு பறவையினம் கூட்டமாகக் கூடு வைக்கும் இடம் என்றால் பூட்டிய கேட்தான், அதை நடத்தத் தனி அமைப்பும் ஆளும் நிச்சயமாக இருக்கும் என்றால். இல்லையென்றால் ஒரு கரைக்கு வந்துவிடுங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது ஊருக்கு ஓரத்தில் இன்னும் ஒரு பக்கமாவது வயலோ தரிசோ மிச்சமிருக்கும் குளங்களுக்கு, ஒரு கரை. இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாதிக் கரை போட்டுப் பத்து வருடம் கழித்துப் போதவில்லை என்றால் நீட்டிக்கொள்ளலாம். முழுக் கரையும் கான்கிரீட் போட்டபின் தப்பு என்று தெரிந்தால், அதைப் பெயர்த்தெடுக்க எந்த நகராட்சியும் டெண்டர் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் பேசவேண்டிய நேரம் டெண்டர் விளம்பரம் வந்தபின் அல்ல, திட்ட அறிக்கை தயாராகும்போது. தமிழ்நாட்டில் 2022 முதல், நகர்ப்புற மக்கள் தங்கள் பகுதிப் பிரச்சினைகளைப் பேச வார்டு குழுவும் பகுதி சபாவும் இருக்கின்றன. பலருக்கு அது எப்போது கூடுகிறது என்றே தெரியாது, கேட்டு வாங்கித்தான் போக வேண்டும். போனால் பறவை, இயற்கை என்று பொதுவாகப் பேச வேண்டாம். கரையை உள்பக்கம் எத்தனை மீட்டர் நகர்த்துகிறீர்கள், ஓரத்தின் சரிவு என்ன, தூர்வாரும் மண் எங்கே போகிறது, கலிங்கும் மதகும் மதிப்பீட்டில் இருக்கின்றனவா, மூன்றாம் வருடத்துப் பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். குளம் நிறைந்த டிசம்பரில் ஒன்று, வற்றிய மே மாதத்தில் ஒன்று என நீர் எல்லையைக் காட்டும் இரண்டு அளவை வரைபடங்கள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலத்தில்தான் எதுவும் கட்டக் கூடாது. அந்த வரைபடங்கள் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பும்படி உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்றை ஆணையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.